வாயும் கையும் இல்லாமல் நடிப்பது எப்படி? திரை நடிப்பு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி நாதஸ்வரம் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, அவருக்கு உண்மையிலேயே வாசிக்கத் தெரியும் என்று எங்கள் தெருவில் இன்னும் சிலர் அடித்துப் பேசுகிறார்கள். வாசித்தது யார்? வாசிக்காத ஒருவர் வாசிப்பதுபோல் இவ்வளவு கச்சிதமாக நடிப்பது எப்படி? (வாசகர், கும்பகோணம்)

பதில்: 1968இல் வந்த அந்தப் படத்தில் ஒலிப்பது மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி ஆகியோரின் வாசிப்பு. இசை கே.வி. மகாதேவன். பதிவான இசையைப் படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும் நடித்தார்கள். தவில்காரராக வந்தவர் டி.எஸ். பாலையா.

உங்கள் தெருக்காரர்கள் நம்புவதில் தவறில்லை. கொத்தமங்கலம் சுப்புவின் கதைப்படி, சிவாஜி ஏற்ற சிக்கல் சண்முகசுந்தரம் சாதாரண வாசிப்பாளர் இல்லை. வித்தையில் கர்வம் உள்ளவர். வாசிப்பு ஒரு இடத்தில் பொய்யாகத் தெரிந்தாலும் அந்தக் கர்வமே பொய்யாகிவிடும்.

நாதஸ்வரத்தில் விரல் ஓடும் துளைகள் ஏழு. மேல் கைக்கு மூன்று, கீழ் கைக்கு நான்கு. உலவின் (குழல் பகுதி) அடிப்பக்கம், அணசுக்கு (விரிந்த வாய்) அருகே இருக்கும் மற்ற துளைகளை வாசிக்கும்போது விரல் தொடாது. நடிகர்கள் முதலில் தப்புவது இங்கேதான். ஸ்வரம் மேலே போகும்போது விரல்கள் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும், கீழே இறங்கும்போது மூட வேண்டும். பழகாதவர் எல்லா விரலையும் ஒரே நேரத்தில் தட்டுவார், டைப்ரைட்டர் அடிப்பதுபோல் இருக்கும். இரண்டாவது தப்பு மூச்சு. இசையில் ஒரு பிடி (சிறு இசைத்தொடர்) முடியும் இடத்தில் வித்வான் மூச்சு வாங்குவார். சீவாளியை (வாயில் வைத்து ஊதும் முனை) பிடித்திருக்கும் உதடு ஒரு கணம் தளரும், தோள் லேசாக ஏறி இறங்கும். நடிகர் இதை மறந்தால், மூன்று நிமிடம் மூச்சே விடாத மனிதராகத் திரையில் தெரிவார். மூன்றாவது கன்னம். ஒரே ஸ்வரத்தில் நிற்கும் நீண்ட கார்வையில் கன்னம் நிறைந்திருக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். காற்றே ஊதாமல் கன்னத்தை மட்டும் உப்பவைத்தால் நரம்பு புடைக்காது, பலூன் மாதிரி இருக்கும்.

இந்த மூன்றும் சிவாஜியிடம் சரியாக இருக்கின்றன. அவர் வாசிக்கும் ஒரு கச்சேரிக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். எந்த இடத்தில் பிடி முடிகிறது என்பதை அவர் தோளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆனால் படத்தின் உச்சம் ‘நலந்தானா’தான். கத்திக் காயம்பட்டுத் திரும்பிய வித்வானிடம், சபை நடுவே ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறாள் நாட்டியக்காரி மோகனா. பதில் சொல்ல அவருக்கு வாய் கிடையாது, அது சீவாளியில் இருக்கிறது. கையும் கிடையாது, இரண்டும் துளைகளில் இருக்கின்றன. கன்னத்தை மூச்சு எடுத்துக்கொண்டது. முகத்தின் கீழ்ப்பாதி முழுக்கக் கருவிக்குச் சொந்தம். மிச்சம் இருப்பது இரண்டு கண்ணும் புருவமும். அழுகை அந்தக் கண்ணில் ஏறி வரும்போதும் கன்னத்தின் காற்று குறையவில்லை, விரல் நிற்கவில்லை. அழுகிற மனிதனும் வாசிக்கிற வித்வானும் ஒரே முகத்தில், ஒருவரை ஒருவர் கெடுக்காமல் இருக்கிறார்கள். தமிழில் இதற்கு இணையான நெருக்கக் காட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கேள்வி: என் தலைமுறையில் பலரும் சிவாஜி ‘ஓவர் ஆக்டிங்’ என்கிறார்கள். அப்பாவிடம் சொன்னால் சண்டைக்கு வருகிறார். எது சரி? (கல்லூரி மாணவி, சேலம்)

பதில்: உங்கள் அப்பா பக்கம்தான் நாங்கள். ஆனால் உங்கள் தலைமுறைக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதற்குக் காரணம் உண்டு.

சிவாஜி சிறுவயதில் சேர்ந்தது நாடகக் கம்பெனி. கடைசி வரிசைக்காரர் காதில் விழும்படி குரலும், கண்ணில் படும்படி கையும் போக வேண்டும். அங்கே வளர்ந்த உடம்பு சினிமாவுக்கு வந்தபோது, படங்களின் பெரும் பங்கு பார்வையாளர்கள் டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கி, பக்கத்தில் குழந்தை அழுகை, பின்னால் புரொஜக்டர் சத்தம். அந்தச் சூழலில் கடைசி எழுத்துவரை தெளிவாகப் போய்ச் சேரும் உச்சரிப்பு ஒரு தேவை. 1952இல் ‘பராசக்தி’ வசனம் ஊர் ஊராக மனப்பாடமானது இப்படித்தான். கருணாநிதியின் எழுத்தை ஒரு எழுத்துகூட விழுங்காமல் கொண்டுசேர்த்த நாக்கு அது.

அவருக்கு அடக்கி நடிக்கத் தெரியாது என்பவர்கள் ‘அந்த நாள்’ பார்க்க வேண்டும். 1954, எஸ். பாலசந்தர் இயக்கம், பாட்டே கிடையாது. கதை தொடங்கும்போதே நாயகன் ராஜன் செத்துக் கிடக்கிறான். பிறகு நாம் பார்ப்பதெல்லாம் மற்றவர்கள் அவனைப் பற்றிச் சொல்வது. அதாவது பிறர் நினைவில் இருக்கும் ஒரு மனிதனை நடிக்க வேண்டும். ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டில், சத்தமில்லாத, கண்ணில் கணக்குப் போடும் ஒரு தேசத்துரோகியாக வருகிறார்.

அடுத்து நேராக 1985க்கு வாருங்கள். பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’. குயில் என்ற பெண்ணிடம் வாய்ச்சவடால் விட்ட பெரியவர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இளவட்டக்கல்லைத் தூக்கிப் பார்க்கும் இடம் இருக்கிறதே, அதில் அவர் செய்வது மிகக் கொஞ்சம். கல்லைச் சுற்றி ஒரு நடை, ஒரு திருட்டுப் பார்வை, தூக்கியபின் முகத்தில் பத்து வயது குறைந்த சிரிப்பு. கட்டபொம்மனாக இடிமுழக்கம் செய்த அதே தொண்டைதான் இங்கே மூச்சு வாங்குகிறது. காட்சி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு கொடுப்பவர் அவர். அந்தக் காலக் காட்சிகள் நிறையக் கேட்டன.

கேள்வி: இரட்டை வேடக் காட்சிகளைக் கணினி இல்லாத காலத்தில் எப்படி எடுத்தார்கள்? அதில் நடிகரின் பங்கு என்ன? (வாசகர், ஈரோடு)

பதில்: அதற்கு ‘மாஸ்க் ஷாட்’ என்று பெயர். கேமராவை அசையாமல் இறுக்கிக் கட்டுவார்கள். லென்ஸின் பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்து, இடப்பக்க வேடத்தைப் படமாக்குவார்கள். பிறகு பிலிமை அதே பிரேம் எண்ணுக்குப் பின்னோக்கிச் சுற்றி, இப்போது மறுபாதியை மறைத்து வலப்பக்க வேடம். இரண்டும் ஒரே பிலிமில் சேர்ந்துவிடும். நடுக்கோட்டைத் தூணிலோ கதவு நிலையிலோ வைத்துக்கொண்டால் ஒட்டு தெரியாது.

கெடுவதற்கு நிறைய வழி உண்டு. கேமரா ஒரு நூல் அசைந்தால் தூண் நடுங்கும். கோட்டைத் தாண்டி ஒரு கை நீண்டால் விரல் காணாமல் போகும். ஒருவர் நிழல் மறுபாதியில் விழுந்தால் பாதி நிழல்தான் இருக்கும். இரண்டு முறைக்கும் நடுவே நடிகர் வேடம் மாற்ற மணிக்கணக்காகும். அதுவரை விளக்கோ மேசைமேல் இருக்கும் டம்ளரோ இடம் மாறக் கூடாது. ஒரு பக்கம் சரியாக வந்து மறுபக்கம் சொதப்பினால் இரண்டும் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நடிகருக்கு இன்னும் கஷ்டம். எதிரில் ஆள் இல்லை. இல்லாத ஆளின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அங்கே ஒரு குறி வைத்துப் பார்க்க வேண்டும். அவர் பேசும் நேரத்தை மனதில் எண்ணிக்கொண்டு, அதைக் கேட்பதுபோல் முகம் மாற வேண்டும். இடம் வேடத்தில் ஒரு வசனத்தை ஐந்து விநாடியில் சொன்னவர், வலம் வேடத்தில் அதற்கு ஆறு விநாடி கேட்டுக்கொண்டிருந்தால் காட்சி செத்துவிடும்.

1940இல் ‘உத்தம புத்திர’னில் பி.யு. சின்னப்பா தொடங்கிவைத்த வழி இது. 1965இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் எம்.ஜி.ஆர். கோழையையும் வீரனையும் நடையிலேயே பிரித்தார். கோழைக்குத் தோள் உள்ளே குவிந்திருக்கும். எங்கள் தேர்வு 1969இன் ‘தெய்வ மகன்’. அப்பா, இரண்டு மகன்கள், மூன்றும் சிவாஜி. இளையவனை விளையாட்டுத்தனத்தால் பிரித்துவிடலாம். ஆனால் அப்பாவுக்கும் மூத்தவனுக்கும் முகத்தில் ஒரே மாதிரித் தழும்பு. மேக்கப் இரண்டையும் பிரிக்காது, சேர்க்கும். அங்கே வேறுபாடு முழுக்க உடம்பில்: பணத்தில் ஊறிய முதுகு நிமிர்ந்திருக்கிறது, அநாதையாக வளர்ந்த முதுகு எதற்கோ காத்திருப்பதுபோல் முன்னால் சாய்ந்திருக்கிறது.

கேள்வி: கிளிசரின் போட்டால் கண்ணுக்கு ஆபத்தா? நாடகத்துக்குப் பயன்படுத்தலாமா? (ஆசிரியை, விருதுநகர்)

பதில்: கண்ணுக்குள் விடக் கூடாது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துக் கீழ் இமைக்கு வெளியே, ஓரமாகத் தடவினால் போதும். எரிச்சலில் கண் தானாகச் சுரக்கும். அதிகமானால் கண்ணீருக்குப் பதில் கிளிசரினே எண்ணெய் மாதிரி மெதுவாக வழியும். மேடை விளக்கில் பளபளவென்று காட்டிக்கொடுத்துவிடும். காண்டாக்ட் லென்ஸ் போட்டவர்கள் தொடவே வேண்டாம். காட்சி முடிந்ததும் சுத்தமான தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். பிள்ளைகள் நாடகமென்றால் வேண்டவே வேண்டாம்: நாடகத்தில் கண்ணீர்த்துளி மூன்றாவது வரிசைக்கு மேல் தெரியாது, தழுதழுக்கும் குரல்தான் போய்ச் சேரும். உண்மையான அழுகையில் மூக்கடைத்து ‘ம’வும் ‘ந’வும் மழுங்கும். அதைப் பழக்குங்கள்.

கேள்வி: நகைச்சுவையில் மிகச் சிறந்த நடிப்பு எது? நாகேஷா, வேறு யாராவதா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: நாகேஷ்தான். ஆனால் அவருடைய மிகப் புகழ்பெற்ற காட்சியில் பாதிப் பங்கை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்.

1964இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’. ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ செல்லப்பா தன் அப்பாவுக்குப் பயங்கரக் கதை சொல்கிறான். சத்தங்களை எல்லாம் நாகேஷ் வாயாலேயே எழுப்புகிறார். அந்த நேரம் கண்ணை அவரிடமிருந்து எடுத்து, எதிரே உட்கார்ந்திருக்கும் டி.எஸ். பாலையாவிடம் வையுங்கள். அவருக்கு வசனம் மிகக் குறைவு, வேலை கேட்பது மட்டும். முதலில் மகனின் கிறுக்குத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும் அப்பாவின் அலட்சியம். பிறகு கதை கொஞ்சம் உள்ளே இழுக்கிறது. பிறகு பயம். பயப்படுகிறோம் என்று தெரிந்து அதை மறைக்கப் பார்க்கிறார். கடைசியில் மறைக்கவும் முடியவில்லை. இத்தனை படியையும் அவர் ஒவ்வொன்றாக ஏறுகிறார், ஒன்றைக்கூடத் தாண்டிக் குதிக்கவில்லை. நேராக நடுங்க ஆரம்பித்திருந்தால் ஒரே ஒரு சிரிப்போடு காட்சி முடிந்திருக்கும். நாகேஷ் எவ்வளவு கத்தினாலும் நமக்குப் பயம் வராது. பாலையா பயப்படுவதால்தான் சிரிப்பு வருகிறது.

நாகேஷ் தனியாக நின்று ஜெயித்த இடம் வேண்டுமென்றால், அடுத்த ஆண்டு வந்த ‘திருவிளையாடல்’. மண்டபத்தில் தருமி தனக்குத்தானே புலம்பும் காட்சி. வார்த்தைகள் அத்தனை வேகமாக வந்தும் ஒவ்வொன்றின் வாலும் கேட்கிறது. வேகமாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் கடைசி எழுத்தைக் கடித்துவிடுவார்கள், சிரிப்பு அங்கேதான் சாகும். இறைவனாக சிவாஜி எதிரே வந்து நிற்கும்போதும் காட்சி தருமியின் கையை விட்டுப் போகவில்லை. சிவாஜியும் அதைப் பறிக்கப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டு நிற்கிறார். இதையும் அவர் கணக்கில் எழுத வேண்டும்.

கேள்வி: ரஜினிக்கு ஸ்டைல் மட்டும்தான் என்கிறார் நண்பர். ஒரே ஒரு படத்தைக் காட்டி அவர் வாயை அடைக்க வேண்டும். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ‘முள்ளும் மலரும்’. 1978, மகேந்திரன் இயக்கம், ஒளிப்பதிவு பாலு மகேந்திரா.

ரஜினியின் ஸ்டைல் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பகுதி கையில்: சிகரெட், கண்ணாடி, முடியைக் கோதுவது, துண்டைச் சுழற்றுவது. இந்தப் படம் அவரிடமிருந்து ஒரு கையையே எடுத்துவிடுகிறது. வின்ச் (இழுவை இயந்திரம்) ஆபரேட்டர் காளிக்கு வேலையும் திமிரும் அந்தக் கைகளில்தான். ஒன்று போன பிறகு மனிதர் என்ன செய்கிறார் என்பதுதான் மீதிப் படம்.

கை இழந்தவராக நடிக்கும்போது வழக்கமாகக் கையை மடக்கிச் சட்டைக்குள் கட்டுவார்கள். உடனே தோள் பருத்துத் தெரியும், அதனால் சட்டை தளர்வாக இருக்க வேண்டும், கேமரா கோணம் பார்த்து வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் சமநிலை: ஒரு கை இல்லாதவர் எழும்போதும் திரும்பும்போதும் உடம்பு ஒரு பக்கம் தேடிப் போகும். நடிகர் அதை மறந்து இரண்டு கை உள்ளவர்போல் சட்டென்று எழுந்தால் கட்டியிருப்பது தெரிந்துவிடும். ரஜினி அந்தப் பகுதியில் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். அதுவரை துள்ளிய உடம்பு கனத்துப்போகிறது. திமிர் மட்டும் முகத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. முடிவில், தங்கையைத் தனக்குப் பிடிக்காத என்ஜினியருக்கே கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கும்போதும், உங்களை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்று அவரிடமே சொல்கிறான் காளி. சமாதானமும் பிடிவாதமும் ஒரே குரலில் வருகின்றன. தங்கையாக ஷோபா அழும் அழுகை அதற்குத் துணை நிற்கிறது. உங்கள் நண்பரை அந்தக் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் உட்கார வைத்தாலே போதும்.

கேள்வி: குரல் வேறொருவருடையது என்றால் அது யாருடைய நடிப்பு? ‘ஆடுகளம்’ பேட்டைக்காரரைப் பார்த்தபோது எழுந்த சந்தேகம். (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இருவருடையதும். பேட்டைக்காரராக நடித்தவர் உங்கள் மண்ணின் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன். குரல் ராதாரவி. தேசிய விருதுக் குழு ஜெயபாலனுக்குச் சிறப்புக் குறிப்பு கொடுத்தது. பொறாமை ஒரு நல்ல மனிதருக்குள் புகுந்து அவரைத் தின்னும் கதை அது. அந்தப் பொறாமையின் கண் ஜெயபாலனுடையது, கரகரப்பு ராதாரவியுடையது. எம்.ஆர். ராதாவின் மகன் அவர். ‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் ஒரே வாக்கியத்துக்குள் கட்டைக்குரலும் கீச்சுக்குரலும் மாறி மாறி வரக் கேட்டவர்களுக்கு, குரலாலேயே ஒரு மனிதனைக் கட்டி எழுப்பும் வித்தை அந்த வீட்டுக்குப் புதிதில்லை என்று தெரியும்.

டப்பிங் நடக்கும் விதம் இதுதான்: படப்பிடிப்பில் பதிவாகும் ஒலியை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்வார்கள். பிறகு ஸ்டூடியோவில் காட்சியைச் சிறு துண்டுகளாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, உதட்டைப் பார்த்துப் பேசுவார்கள். பிலிம் காலத்தில் அந்தத் துண்டின் இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி ஓட்டியதால் அதற்கு ‘லூப்’ என்றே பெயர். ‘ப’, ‘ம’ இரண்டிலும் உதடு ஒட்டும், ‘வ’வில் கீழுதடு பல்லைத் தொடும். இந்த மூன்றும் பொருந்திவிட்டால் மற்ற எழுத்துகள் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் கண் மன்னித்துவிடும். வசனத்தை மாற்ற வேண்டியிருந்தாலும் இந்த எழுத்துகள் விழும் இடத்தைக் காப்பாற்றித்தான் மாற்றுவார்கள். 341ஆம் குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டவே ஒட்டாது. அப்படி ஒரு வசனம் கிடைத்தால் டப்பிங்காரருக்குப் பண்டிகை.

உதடு பொருந்தியும் காட்சி பொய்யாகத் தெரிந்தால் காரணம் மூச்சு. திரையில் ஆள் ஓடி வந்து நின்றிருப்பார், டப்பிங் பேசுபவர் மைக் முன் சாவகாசமாக நிற்பார். அனுபவசாலிகள் பேசுமுன் உடம்பை அந்த நிலைக்குக் கொண்டுவருவார்கள். கனமான பொருளைத் தூக்கும் காட்சி என்றால் வயிற்றை இறுக்கிக்கொண்டு பேசுவார்கள். நடிகர் விக்ரம் தொடக்க காலத்தில் அஜித்தின் ‘அமராவதி’ (1993) உட்பட மற்றவர்களுக்குக் குரல் கொடுத்தவர். பத்தாண்டு கழித்து ‘பிதாமக’னில் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது, பேச்சே அநேகமாக இல்லாத வெட்டியான் சித்தன் வேடத்துக்கு. குரலைக் கற்றவரிடம் குரலை எடுத்துவிட்டார் இயக்குநர் பாலா. கழுத்தும் மேல்பார்வையும் உறுமலுமாக ஒரு மனிதன் மிஞ்சினான்.

கேள்வி: தமிழ்ப் படங்களுக்குச் சிறந்த நடிகர் தேசிய விருது யார் யாருக்கு? வினாடி வினாவில் ஆண்டு குழம்பிவிட்டது. (மாணவர், திருச்சி)

பதில்: எம்.ஜி.ஆர். (‘ரிக்‌ஷாக்காரன்’), கமல் மூன்று முறை (‘மூன்றாம் பிறை’, ‘நாயகன்’, ‘இந்தியன்’), விக்ரம் (‘பிதாமகன்’), பிரகாஷ்ராஜ் (‘காஞ்சிவரம்’), தனுஷ் இரண்டு முறை (‘ஆடுகளம்’, ‘அசுரன்’), சூர்யா (‘சூரரைப் போற்று’). ஆண்டு குழம்பக் காரணம், விருது தணிக்கைச் சான்று பெற்ற ஆண்டைப் பார்க்கும், வெளியான ஆண்டை அல்ல. ‘ஆடுகளம்’ 2011 பொங்கலுக்கு வந்தது, விருது 2010ஆம் ஆண்டுக்கானது. ‘காஞ்சிவரம்’ 2009இல்தான் திரைக்கு வந்தது, விருது 2007க்கு. சிவாஜி இந்தப் பட்டியலில் இல்லை என்பது எங்களுக்கு இன்றுவரை ஆறாத வருத்தம். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னுக்காக அவருக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள்.

கேள்வி: குறும்படத்தில் நடிக்கப் போகிறேன். கேமரா ஓடினால் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. (மாணவர், மதுரை)

பதில்: கைக்கு ஒரு வேலை கொடுங்கள். டீ ஆற்றுவது, பித்தான் போடுவது, துணி மடிப்பது, எதுவும் ஆகலாம். ஆனால் எந்தச் சொல்லில் டம்ளரை எடுத்தீர்கள், எந்தச் சொல்லில் வைத்தீர்கள் என்பதை வசனத்தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தூரக் காட்சியில் எடுத்த சொல்லிலேயே நெருக்கக் காட்சியிலும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எடிட்டர் வெட்டும் இடத்தில் டம்ளர் தாவும். வசனத்தின் முக்கியமான சொல்மேல் டம்ளரை ‘டக்’கென்று வைக்காதீர்கள், அந்தச் சத்தத்தைப் பிறகு பிரிக்க முடியாது. மேசையில் ஒரு துணி மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நடந்து வந்து நிற்கும் காட்சி என்றால், நிற்க வேண்டிய குறியில் முதலில் போய் நின்று, அங்கிருந்து பின்னோக்கி நடந்து படி எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையில் திரும்ப வந்தால் கீழே பார்க்காமலே குறியில் கால் விழும். 85 மி.மீ. லென்ஸில் ஆறடி தூரத்தில் நெருக்கமாக எடுத்தால், லென்ஸின் ஒளித்துளையைத் திறந்து வைத்திருக்கும்போது தெளிவாக விழும் ஆழம் இரண்டு மூன்று அங்குலம்தான். நீங்கள் சற்றே பின்னால் சாய்ந்தால் மூக்கு தெளிவாகவும் கண் மங்கலாகவும் பதியும்.

நெருக்கக் காட்சியில் எதிரில் இருப்பவரின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்க்காதீர்கள், திரையில் உங்கள் விழி படபடக்கும். லென்ஸுக்கு அருகில் இருக்கும் அவரது ஒரு கண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் பேசும்போது உங்கள் அடுத்த வசனத்தை மனதில் ஓட்டாதீர்கள், கேமரா அதைக் காட்டிவிடும். பாலையாவைப் பற்றி மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

கேள்வி: பட்டியல் என்றாலே ஆண்கள்தானா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: கேட்டது நியாயம். முதலில் சாவித்திரி, ‘மாயாபஜார்’, 1957. படத்தின் பின்பாதியில் கடோத்கஜன் மாயத்தால் மணப்பெண் வத்சலாவின் உருவம் எடுத்து மணமேடை ஏறுகிறான். ஆக, சாவித்திரி நடிக்க வேண்டியது ஒரு பெண்ணை அல்ல, பெண்வேடத்தில் இருக்கும் ராட்சசனை. கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் அதற்குமுன் காட்டிய தோள் வீச்சையும் அகலக் கால் நடையையும் அவர் தன் உடம்புக்குள் வாங்கிக்கொண்டார். யாராவது பார்த்தால் சட்டென்று நாணிக் கோணும் மணப்பெண், பார்வை விலகியதும் மீசை முறுக்காத குறையாக ஒரு ராட்சசன். இந்த மாற்றத்துக்கு வெட்டு உதவவில்லை, ஒரே ஷாட்டுக்குள் நடக்கிறது. ரங்காராவின் நடையை முதலில் பார்த்துவிட்டு இதைப் பாருங்கள்.

அடுத்து ஷோபா. ‘பசி’ (1979) குப்பம்மாவுக்காகத் தேசிய விருது பெற்றவர், 1980இல் போய்விட்டார். குப்பை பொறுக்கும் பெண்ணின் நடையையும் பேச்சையும் அவர் பரிதாபம் கோராமல் செய்தார். ‘சிந்து பைரவி’யில் சுகாசினி, ‘பருத்திவீர’னில் பிரியாமணி, இருவருக்கும் தேசிய விருது. இருவரும் குரலை உயர்த்துமுன்பே கண்ணில் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

‘வீடு’ (1988) படத்துக்கு அர்ச்சனா வாங்கினார். பாலு மகேந்திராவின் அந்தப் படத்திலும் பாட்டு கிடையாது. சென்னையில் ஒரு சிறு வீடு கட்டப் பார்க்கும் சுதாவாக, மனுவும் கையெழுத்தும் கடனுமாக அலையும் களைப்பை அவர் தோளில் நாளுக்கு நாள் ஏற்றிக்கொண்டே போகிறார்.

பெண்களைப் பற்றிக் கேட்ட கேள்வியில் இதைச் சேர்ப்பதற்கு மன்னியுங்கள், அந்தப் படத்தைப் பேசிவிட்டு இதை விட முடியவில்லை. சுதாவின் தாத்தாவாக வருபவர் நாடக மேடையிலிருந்து வந்த முதியவர் சொக்கலிங்க பாகவதர். ஒருநாள் அவர் யாரிடமும் சொல்லாமல் தனியே கிளம்பி, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கப் போகிறார். வசனம் இல்லை. பூசாத சுவர், கதவில்லாத வாசல். உள்ளே நுழைந்து ஒவ்வொரு அறையாக நடக்கிறார். சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். சொந்த வீட்டின் செங்கல்லை வாழ்நாளில் முதல்முறையாகத் தொடும் கை அது. அவசரமில்லை, நடுக்கத்தைக் காட்டும் முயற்சியும் இல்லை. உள்ளங்கை சுவரோடு நகர்கிறது, அவ்வளவுதான். குடிபோகும் நாள்வரை அவர் இருக்கப்போவதில்லை என்று நமக்கு அப்போது தெரியாது. இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.